வேது அறைக்கு உன் அண்ணன் பெயர் வேண்டாம்

நடராஜா,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. நலம் விசாரிப்பதை எல்லாம் இந்தத் தடவை ஒதுக்கி வைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்று காலை தபாலாபீஸ் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி உனக்கு ஒரு தந்தி கொடுக்கச் சொன்னேன். ‘தங்கராசுவுக்கு வேது வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ’ என்பதுதான் அதில் உள்ள செய்தி. அது இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். படித்துவிட்டு நீ சிரித்திருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். வேது பிடி, ஆவியில் உட்கார்ந்து வேர்வை சிந்து, வியாதி ஓடிப்போகும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்த கிழவன் இப்போது வேண்டாம் என்கிறானே, கால் ஒடிந்ததில் மூளையும் கலங்கிப்போச்சா என்று நினைத்திருப்பாய். நீ என் பிள்ளை. காரணம் சொல்லாமல் ஒன்றைச் செய்யாதே என்றால் அதையே இரண்டு பங்காகச் செய்கிறவன். அதனால்தான் காரணத்தை எழுதுகிறேன். கால் மட்டும் சரியாக இருந்தால் முதல் வண்டியிலேயே ஏறிக் கிள்ளானுக்கு வந்து உன் காதைத் திருகியிருப்பேன். கட்டுப் போட்ட காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதினொரு மணி வண்டியில் அங்கே வரும் கார்டு எனக்குப் பழக்கமானவர், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். துறைமுகத்தில் வேலை செய்யும் இளவட்டங்கள் சேர்ந்து கிள்ளானில் ஒரு கொட்டகை பிடித்திருப்பதையும், தண்டால், பஸ்கி, கரலாக்கட்டை எல்லாம் தினமும் நடப்பதையும், கொட்டகைக்குப் பின்னால் நம் வீட்டில் இருந்தது மாதிரியே ஒரு வேது அறை கட்டியிருப்பதையும் கேட்டு அவள் முகம் அப்படி மலர்ந்தது. அண்ணன் பெயரில் ‘சுந்தரம் தேகப்பயிற்சிக் கழகம்’ என்று பலகை எழுதக் கொடுத்திருக்கிறாய் என்றதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “எம்புள்ள பேரு பலகையில வரப்போவுதுங்க. யாரு நெனச்சா? இவ்வளவு வருஷம் கழிச்சு!” என்றாள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நான் வந்து முதல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்ததையும் படித்தேன். கடைசியில் இருந்த நாலு வரியை மட்டும் படிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாதே, அந்தத் தைரியம்தான்.

அந்த நாலு வரியை நான் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னோடு அறையில் தங்கியிருக்கும் தங்கராசுவுக்கு வயிறு சரியில்லை என்று இரண்டு மாதமாக வெள்ளைக் கஞ்சிப் பத்தியம். இப்போது கால் வீங்கியிருக்கிறது. ‘உங்கள் முறைப்படியே செய்கிறேன் அப்பா, காலையில் பஸ்கி, மாலையில் வேது. மூன்றே நாளில் வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. இன்னும் பத்து நாள் விடாமல் போட்டால் பூரண குணமாகிவிடும்’ என்று எழுதியிருக்கிறாய். வீக்கம் வடிந்ததற்கு நீ சந்தோஷப்படுகிறாய். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரிதான் சந்தோஷப்பட்டேன், அதுவும் மூன்றாம் நாள்தான்.

உன் அண்ணன் சுந்தரம் விஷக் காய்ச்சலில் போனான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது உனக்கு ஐந்து வயது. உன் அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஊருக்குக் கடிதம் எழுதியபோதும் அதையே எழுதினேன். நடராஜா, அவனுக்குக் காய்ச்சலே இல்லை. நெற்றி சில்லென்று இருந்தது. அவனை நான்தான் கொன்றேன். இதை இவ்வளவு காலம் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதிப் பார்த்தால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

முதலில் அந்த வேது அறை எப்படி வந்தது என்று சொல்கிறேன். லைனில் இருந்தவர்கள் உனக்குக் கதை கதையாய்ச் சொல்லியிருப்பார்கள், அதில் பாதி உண்மைதான். நான் பயர்மேனாக இருந்தபோது தினமும் இஞ்சின் அடுப்புக்கு முன்னால் நின்று விறகும் கரியும் தள்ளுவேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். மற்றவர்கள் மழையில் நனைந்து சளி, காய்ச்சல், மூட்டு வலி என்று படுத்துக்கொண்டிருக்க, எனக்கு ஒரு தும்மல்கூட வராது. வேர்வைதான் காரணம் என்று என் புத்தியில் பதிந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. பழைய ஸ்லீப்பர் கட்டைகளையும் தகரத்தையும் வைத்து, இரண்டு பேர் உட்காரும்படி ஓர் அறை கட்டினேன். உள்ளே சாக்குப் படுதா. வெளியே சூளையில் கழித்துப் போட்ட செங்கல்லால் ஓர் அடுப்பு, அதன்மேல் இரும்புப் பீப்பாய். பீப்பாயில் நொச்சியும் வேப்பிலையும் மலாய்க்காரர் வீட்டு வேலியோரம் வளரும் செரை என்கிற எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கொதிக்க வைத்தால், ஆவி ஒரு குழாய் வழியாக அறைக்குள் போகும். கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியே. சும்மா சும்மா திறந்தால் சூடு போய்விடும் என்று நான்தான் அப்படி வைத்தேன். திறப்பதும் சாத்துவதும் என் பொறுப்பு. “ஆம்பளன்னா கொஞ்சம் தாங்கணும்லா” என்று எல்லாரையும் கேலி செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே திருவிழாக் கூட்டம். முதலில் தண்டால், பஸ்கி, பிறகு வேது, பிறகு தொட்டித் தண்ணீரில் குளியல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த பாயின்ட்ஸ்மேன் நிமிர்ந்து நடந்து போனான். ராத்திரி டியூட்டி பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் அன்று பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். கள்ளுக்கடைக்குப் போகிற கால்கள் கொஞ்சம் குறைந்தன. பெண்டாட்டிமார்கள் என்னைப் பார்த்தால் கும்பிடுவார்கள். போதுமடா சாமி, எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைக்க ஆரம்பித்தேன். கைநாட்டு வைத்துக் கப்பலேறியவரின் மகன் நான், என்னிடம் கிளார்க்குகள் வந்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள்!

அந்தச் சமயத்தில்தான் என்னை டிரைவராக உயர்த்தினார்கள். உயர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் வீட்டில் அரிசியை மாற்றியது. அதுவரை நாங்கள் சாப்பிட்டது ரங்கூன் புழுங்கல். ரப்பர் தோட்டத்தில் நம் ஜனங்களுக்கு அளந்து போடுவதும் அதைத்தான். பழுப்பாக, ஒரு வாடையோடு இருக்கும். சீனர் கடையில் விற்கும் சயாம் பச்சரிசி மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை. ஆபீஸ் கிளார்க்குகள் வீட்டில் அதுதான் வேகிறது என்று கேள்விப்பட்டேன். “இனிமே இந்த வீட்டுல தோட்டத்து அரிசி வேகக் கூடாது” என்று உத்தரவு போட்டேன். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “வெள்ளையா இருந்தாப் போதுமா? தின்னு எந்திரிக்கறதுக்குள்ள பசிக்குதே” என்றாள். உனக்கு நாகரிகம் தெரியாது என்று அவளைத் திட்டினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தகர டப்பாவில் புழுங்கலரிசியை ஒளித்து வைத்துத் தனக்குத் தனியாக ஆக்கிக்கொண்டாள். உனக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். நானோ வண்டி நிற்கும் இடமெல்லாம் ஆட்டுக்கறியும் ரொட்டியும் பருப்பும் தின்கிறவன். அந்த வெள்ளைச் சோற்றை மட்டுமே நம்பிச் சாப்பிட்டது வீட்டில் ஒரே ஆள், சுந்தரம்தான். பருப்பு வாயு, பயறு வாயு, பயில்வானுக்கு ஆகாது என்று அவனுக்கு மட்டும் நான் தனிச் சட்டம் வேறு போட்டிருந்தேன். வெள்ளைச் சோறு, ரசம், நெய், சர்க்கரை. அப்பா சொன்னால் வேதவாக்கு அவனுக்கு.

அவனைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் நின்று ஒவ்வொரு இஞ்சினுக்கும் நம்பர் சொல்லிக் கொடுப்பான். ஷெட்டில் இஞ்சின் துடைக்கும் வேலை. பயர்மேன் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தான். ரயில்வே டாக்டர் பார்த்துத் தேறினால் வேலை நிச்சயம். அப்பா ஓட்டுகிற வண்டியில் நான் கரி போடணும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அந்த ஆசை அவனைவிட எனக்குத்தான் அதிகம்.

அந்த டாக்டர் பரிட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, “காலு மரத்துப் போவுதுப்பா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்றான். நின்று நின்று வேலை செய்தால் அப்படித்தான் என்றேன். பிறகு பஸ்கி எடுக்கும்போது திணற ஆரம்பித்தான். முன்பெல்லாம் நூறு எடுக்கிறவன், இருபதுக்கு மேல் உட்கார்ந்தால் எழ முடியாமல் சுவரைப் பிடிப்பான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “எந்திரிடா! பொம்பளப் புள்ளையாடா நீ? டாக்டர் முன்னால இப்படித்தான் சுவத்தப் புடிப்பியா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். இன்னும் பத்து எடுக்கிறேன் என்றான். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

கால் வீங்கியது அதற்குப் பிறகுதான். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். பரிட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. டாக்டர் இதைப் பார்த்தால் பெயரை அடித்துவிடுவார் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. கெட்ட நீர் சேர்ந்திருக்கிறது, வேர்வையாக வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். சோற்றையும் நிறுத்தி வெள்ளைக் கஞ்சிப் பத்தியம் போட்டேன். காலையும் மாலையும் பஸ்கி, காலையும் மாலையும் வேது. மூன்றாம் நாள் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழவில்லை. எனக்கு வந்த குதூகலத்தை என்ன சொல்ல! ஷெட்டுக்குப் போய் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். நீ இப்போது எனக்கு எழுதியிருக்கிறாயே, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள்தான்.

உன் அம்மா மட்டும் விடவில்லை. “ஏங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல, உக்காந்தே கெடக்கான். ஆஸ்பத்திரிக்குக் காட்டுவோம்” என்று என் பின்னாலேயே நடந்தாள். “காட்டினா வேலை போயிடும், வாயை மூடு” என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனவன் வீடு திரும்ப மாட்டான் என்று லைனில் பேசிக்கொள்வார்கள், அந்தப் பயமும் எனக்கு இருந்தது. ஆனால் பயத்தைவிடத் திமிர்தான் அதிகம். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறவன் தன் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? “நெஞ்சு ஓடுதுப்பா, மேட்டுல ஏறுற இஞ்சின் மாதிரி” என்று அவனே ஒரு நாள் சொன்னான். ரத்தம் சுத்தமாகிறது, நல்லதுதான் என்று பதில் சொன்னேன்.

பரிட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் வருவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று காலையிலேயே அவனை எழுப்பினேன். உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். நாற்பது பஸ்கி கேட்டேன், பதினொன்றுதான் எடுத்தான். வேர்த்துக் கொட்டியது. உதடு ஒரு மாதிரி நீலமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும், கடைசி வேது, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று உள்ளே அனுப்பித் தாழ்ப்பாளைப் போட்டேன். ரயில்வேயில் கொடுத்த கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிஷம் என் கணக்கு. இருபது நிமிஷம் ஆனதும் திறந்தேன். அவன் சாக்குப் படுதாவோடு சரிந்து கிடந்தான். ரிக்ஷாவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

அங்கே டாக்டருக்கு உதவியாக ஒரு டிரெஸ்ஸர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். டாக்டர் போன பிறகு என்னை வராந்தாவில் உட்காரவைத்துக் கேட்டார். “தம்பி என்ன சாப்பிடுறவர்?” என்றார். வெள்ளைச் சோறு என்று பெருமையாகத்தான் சொன்னேன், அப்போதும்! “புழுங்கல் சாப்பிடுறேல்லையோ?” என்றார். இல்லை என்றேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “ஐயா, இது பெரிபெரி. இஞ்ச வாற சீன ஆக்களிட்டத்தான் இதைக் கூடுதலாப் பாக்கிறனாங்கள். எங்கட ஆக்கள் புழுங்கல் சாப்பிடுறபடியால் அவைக்கு வாறது குறைவு. தீட்டின வெள்ளை அரிசியில சத்து இல்லை. குந்தியிருந்து எழும்ப ஏலாமல் இருந்தவரோ?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “அதுதான் முதல் அடையாளம். சந்தேகமான ஆக்களை நாங்கள் குந்தி எழும்பச் சொல்லித்தான் பாக்கிறது” என்றார். நான் எத்தனை நாள் பக்கத்தில் நின்று எண்ணியிருப்பேன்! வீக்கம் வடிந்ததே என்று கேட்டேன். “வேர்வையில தண்ணிதான் போனது, நோய் போகேல்லை. பழுதாய்ப் போன இதயத்துக்கு வெக்கையில ரெண்டு மடங்கு வேலை குடுத்திட்டீங்கள். பத்து நாளுக்கு முதல் கொண்டு வந்திருந்தால் தவிடும் பயறும் குடுத்துப் படுக்க வைச்சே காப்பாத்தியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் திடீரென்று விஷக் காய்ச்சல் கண்டுவிட்டது என்று சொன்னேன். அது ஒரு பாவம். அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. முந்தின நாள் சனிக்கிழமை அவள் அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். “நான் தலைக்கு ஊத்தினதாலதான் காய்ச்சல் வந்துச்சா? ஈரம் போகத் துவட்டலையா நானு?” என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘விதி, யார் என்ன செய்வது’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். சனிக்கிழமை உனக்குக்கூட அவள் எண்ணெய் தேய்த்துவிட மாட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ சண்டை போடுவாய். அதற்குக் காரணம் நான். பதினெட்டு வருஷம் என் பழியை அவள் தலையில் ஏற்றிவிட்டு, அவள் ஆக்கிப் போட்டதை உட்கார்ந்து தின்றேன். என்னைப்போல் கோழை உலகத்தில் உண்டா?

வேது அறையைப் பிரித்துப் போட்டேன். மேலிடத்து உத்தரவு என்று லைனில் சொன்னேன். வெள்ளை அரிசியை நிறுத்தினேன், கடையில் கிடைக்கவில்லை என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. உனக்குப் பதினைந்து வயதில் லைனில் யாரோ சொல்லக் கேட்டு, “அப்பா, நீங்க பெரிய வைத்தியராமே?” என்று ஓடி வந்தாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். உன் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்ததும் எனக்குப் பழைய கிறுக்குத் திரும்பிவிட்டது. குழாய் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எத்தனை பிடி நொச்சி, பத்தியம் என்ன என்று எல்லாவற்றையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாய். அந்த நோட்டைத்தான் இப்போது தங்கராசு மேல் பிரயோகம் செய்கிறாய். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

உடற்பயிற்சியும் வேதுவும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பொய். நன்றாக இருக்கிற உடம்புக்கு, வயிறாரச் சத்துள்ளதைத் தின்கிற உடம்புக்கு, இரண்டும் நல்லது செய்யும். வலி போகும், தூக்கம் வரும், மனசுகூட லேசாகும், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நோயாளி வேறு, பயில்வான் வேறு. மூச்சு வாங்குகிறவனை, கால் வீங்கினவனை, நெஞ்சு படபடக்கிறவனை, காய்ச்சலில் எழுந்தவனை, பட்டினி கிடக்கிறவனை அந்த அறைப் பக்கம் விடாதே. முடியவில்லை என்று ஒருவன் சொன்னால் முடியவில்லை என்றுதான் அர்த்தம். அவனுக்கு வீம்பு ஏற்றாதே, கேலி செய்யாதே. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்திருந்தால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதைப் பிடுங்கி எறி. உள்ளே இருக்கிறவன் தானே தள்ளிக்கொண்டு வெளியே வருகிற மாதிரிதான் அந்தக் கதவு இருக்க வேண்டும்.

தங்கராசுவுக்கு இருப்பது பெரிபெரிதானா என்று எனக்குத் தெரியாது. நான் வைத்தியன் இல்லை, இப்போதாவது அதை ஒத்துக்கொள்கிறேன். வேறு எதுவாகவும் இருக்கலாம், டாக்டர் சொல்லட்டும். அவனைக் குந்தி எழச் சொல்லிச் சோதித்துப் பார்க்க உனக்கு ஆசை வரும், அதுகூட வேண்டாம். நடக்க விடாதே, வண்டி வைத்து அழைத்துப் போ. இரண்டு மாதமாக என்ன சாப்பிட்டான், என்ன செய்தீர்கள் என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல். உனக்கு அவமானமாக இருக்கும், பரவாயில்லை, சொல். வேலை போய்விடும் என்று தங்கராசு பயப்படுவான். தோட்டத்திலிருந்து வந்து கணக்கு எழுதும் வேலைக்கு உயர்ந்தவன், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வேலை போனால் இங்கே வரச் சொல், இது அவன் வீடு. அவனுக்கு அம்மா இருக்கிறாளா என்று நீ எழுதவில்லை. இருந்தால் அவளுக்கும் தகவல் அனுப்பு. பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. கழகத்துக்கு வேறு எந்தப் பெயரானாலும் வை. அந்த அறைக்கு மேலே உன் அண்ணன் பெயரை என்னால் பார்க்க முடியாது.

இவ்வளவும் எழுதி முடித்தபோது மணி பத்து. உறையில் போட்டு ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. உனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்தால் அது இன்னொரு பொய். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். நேற்று விட்டுவிட்ட அந்த நாலு வரியையும் சேர்த்துத்தான். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உள்ளேருந்து புள்ள கதவத் தட்டுச்சா?”

மேலே நான் எழுதியதில் அது இல்லை, நீயும் கவனித்திருக்க மாட்டாய். எழுதத் துணிவு வரவில்லை. அவளிடம் சொன்னதை உனக்கும் எழுதிவிடுகிறேன். தட்டினான். முதலில் பலமாகத் தட்டினான், பிறகு மெதுவாக. ‘அப்பா’ என்றும் கூப்பிட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குடா என்றேன்.